அண்ணன் சேரலாதன்

"நாற்பது தாண்டிற்றா? ஓரமாய் உட்கார்!" விழுப்புரம் சந்திப்பில் மூட்டை சுமக்கும் தோழன் கேட்டுப் புளித்துப்போன சொல் இது.

தஞ்சைத் தரணியின் தர்மராஜ் சேரலாதன் உட்காரவில்லை. 2016-இல் பாட்னா அணிக்குத் தலைமை தாங்கி, புரோ கபடிக் கோப்பையை வென்றார், வயது 41! அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை வீழ்த்தி உலகக் கோப்பை கொண்ட இந்திய அணியிலும் இருந்தார். கபடி உலகமே அவரை 'அண்ணா' என்றழைத்தது. எவரும் திணிக்காமலே வடக்கே சென்ற சொல்!

பாடி வருபவனுக்கு முப்பது வினாடி. பிடிப்பவனுக்கோ ஒரே நொடி. அந்த நொடியை அறிய ஆண்டுகள் பல வேண்டும். 2024-இல் தமிழ் தலைவாஸ் அவரை வியூகப் பயிற்சியாளராக்கியது. கோப்பை கிட்டவில்லை, உண்மைதான்.

திண்டிவனத்துச் சிற்றூர்களில் ஆடி ஓய்ந்த மூத்தவர்களை, இளைஞருக்குப் பிடி சொல்லித்தர அழைத்தோமா நாம்?