உஷார்! ஷேர் ஃபோல்டரைத் திறந்தால் கம்ப்யூட்டர் விழுகிறதா?

ஒரகடம், வல்லம் வடகால், இருங்காட்டுக்கோட்டைப் பக்கம் உதிரிபாகம் செய்து கொடுக்கும் யூனிட்டுகளில் வேலை பார்ப்பவர்களுக்கு இது. ட்ராயிங் எடுக்க, இன்ஸ்பெக்ஷன் ரிப்போர்ட் போட, லேபிள் அடிக்க, எல்லாவற்றுக்கும் ஷேர் ஃபோல்டர்தான். அதைத் திறந்ததும் சிஸ்டம் ஹேங் ஆகிறது. இல்லையென்றால் நீலத் திரை வந்து தானாக ரீஸ்டார்ட் ஆகிறது. லோடு வண்டி கேட்டில் நிற்கும்போது காரணம் தேட யாருக்கு நேரம்? ஃபயர்வாலை ஆஃப் பண்ணு, ஆன்டிவைரஸை நிறுத்து, ஃபோல்டர் பகிரும் பழைய முறையான எஸ்எம்பி 1-ஐ ஆன் பண்ணு என்று யாராவது போனில் சொல்வார்கள். ஃபோல்டரும் திறந்துவிடும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஒரகடம் ஏற்கெனவே ஒரு முறை இதில் அடிபட்ட ஊர்.

2017 மே 12, வெள்ளிக்கிழமை. வானாகிரை என்ற வைரஸ் உலகெங்கும் 150 நாடுகளில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட கம்ப்யூட்டர்களில் புகுந்து, ஃபைல்களைப் பூட்டி, 300 டாலர் பிட்காயின் கேட்டது. பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பின. ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலையின் உற்பத்தியும் பாதிக்கப்பட்டது. அது ஒரு கம்ப்யூட்டரிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிய வழி, விண்டோஸ் ஃபோல்டர்களையும் பிரிண்டர்களையும் பகிர்ந்துகொள்ளும் அதே எஸ்எம்பி வழி. போர்ட் எண் 445. யாரும் எதையும் கிளிக் செய்ய வேண்டியதில்லை. நெட்வொர்க்கில் இருந்தாலே போதும். இவ்வளவுக்கும், ஓட்டையை அடைக்கும் அப்டேட்டை மைக்ரோசாஃப்ட் மார்ச் 14 அன்றே வெளியிட்டிருந்தது. போடாதவர்கள் மாட்டினார்கள்.

இதில் பலரும் கவனிக்காத ஒன்று உண்டு. வானாகிரை தாக்கிய விண்டோஸ் எக்ஸ்பி கம்ப்யூட்டர்கள் பெரும்பாலும் பூட்டப்படவில்லை. நீலத் திரை காட்டி விழுந்தன. தாக்குதல் சரியாக உட்காராமல் சிஸ்டமே கவிழ்ந்ததுதான் காரணம். பின்னாளில் சுற்றிய வகைகள் பலவற்றில் ஃபைலைப் பூட்டும் பகுதி கெட்டுப்போயிருந்தது. பரவுவது மட்டும் நிற்கவில்லை. அதாவது, பணம் கேட்கும் சிவப்புத் திரை வராமலே வைரஸ் உள்ளே இருக்கலாம். ‘அடிக்கடி கிராஷ் ஆகுது சார்’ என்ற ஒரு புகார் மட்டுமே உங்களுக்கு வந்து சேரும். எக்ஸ்பியிலும் விண்டோஸ் 7-லும் ஓடும் அளவை மெஷின், லேபிள் பிரிண்டர் கம்ப்யூட்டர் இன்னும் எத்தனை ஷெட்டில் இருக்கின்றன என்று சுற்றிப் பாருங்கள்.

ஆகவே முதலில் கேட்க வேண்டிய கேள்வி: விழுவது எது? ஃபோல்டரைத் திறக்கும் கம்ப்யூட்டரா, ஃபோல்டரை வைத்திருக்கும் கம்ப்யூட்டரா?

திறக்கும் கம்ப்யூட்டர் மட்டும் விழுந்தால் பெரும்பாலும் சாதாரணக் கோளாறுதான். கமாண்ட் பிராம்ப்ட்டில் டிஐஆர் கட்டளை கொடுத்து அதே ஃபோல்டரின் பட்டியலை எடுத்துப் பாருங்கள். பட்டியல் ஒழுங்காக வந்து, எக்ஸ்ப்ளோரரில் மட்டும் விழுகிறதென்றால், குற்றவாளி ப்ரிவ்யூ பகுதியாகவோ ட்ராயிங் போடும் கேட் சாஃப்ட்வேர் சேர்த்துவிட்ட சிறுபட வசதியாகவோ இருக்கும். கெட்டுப்போன ஒரே ஒரு ட்ராயிங் ஃபைல் இந்த வேலையைச் செய்யும். ப்ரிவ்யூவை நிறுத்திப் பாருங்கள். எப்போதோ எடுத்துப்போட்ட சர்வருக்கு மேப் செய்த டிரைவ் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தாலும் எக்ஸ்ப்ளோரர் தொங்கும். அந்த மேப்பை நீக்குங்கள். நீலத் திரையே வந்தால் நெட்வொர்க் கார்டின் டிரைவரையும், ஒன்றுக்கு இரண்டாகப் போட்டிருக்கும் ஆன்டிவைரஸையும் சந்தேகப்படலாம்.

ஃபோல்டரை வைத்திருக்கும் கம்ப்யூட்டர் விழுகிறதா? யாரும் திறக்காத நேரத்திலும் விழுகிறதா? ஒன்றுக்கு மேற்பட்ட சிஸ்டம் ஒரே ஷிப்டில் விழுகிறதா? நீலத் திரையில் எஸ்ஆர்வி.சிஸ் அல்லது எஸ்ஆர்விநெட்.சிஸ் என்ற பெயர் தெரிகிறதா? அப்படியென்றால் ரீஸ்டார்ட் பட்டனைத் தொடாதீர்கள். திரையைப் போட்டோ எடுங்கள், லேன் கேபிளைப் பிடுங்குங்கள், வைஃபையை அணையுங்கள். அவசரப்பட்டு ஃபார்மட் அடித்தால் எங்கிருந்து வந்தது என்ற தடயமும் போய்விடும்.

எஸ்எம்பி 1 விஷயத்தில் எனக்குச் சமரசமே கிடையாது. வானாகிரை நுழைந்த வாசல் அதுதான். 2017 அக்டோபரிலிருந்து புது விண்டோஸ் 10-லிருந்து அதை மைக்ரோசாஃப்டே எடுக்கத் தொடங்கிவிட்டது. பழைய நெட்வொர்க் ஸ்டோரேஜ் பெட்டி ஒன்று வேலை செய்ய வேண்டும் என்பதற்காக அதைத் திரும்பக் கொண்டுவருகிறோம். பெட்டியை மாற்றுங்கள், லைன் நிற்கும் செலவை விட அது மலிவு. மாற்றவே முடியாத மெஷின் கம்ப்யூட்டர் என்றால் அதைத் தனி நெட்வொர்க்கில் ஒதுக்கி, ஆபீஸ் பக்கத்திலிருந்து 445-ஐ அடைத்துவிடுங்கள். ஆன்டிவைரஸை நிறுத்தித்தான் ஆக வேண்டும் என்று சர்வீஸ் ஆள் சொன்னால், கேபிளைக் கழற்றிவிட்டு நிறுத்தச் சொல்லுங்கள்.

வெளியிலிருந்து வரும் மெஷினையும் லேப்டாப்பையும் நம்பிவிடாதீர்கள். 2018 ஆகஸ்டில் தைவானின் சிப் நிறுவனமான டிஎஸ்எம்சி, புதிதாக வந்த ஒரு கருவியை வைரஸ் பார்க்காமல் நெட்வொர்க்கில் இணைத்தது. வானாகிரை வகை ஒன்று ஆலைகளில் பரவி, உற்பத்தி நின்றது. அவ்வளவு பெரிய இடத்திலேயே அப்படி. இங்கே சர்வீஸ் இன்ஜினியர் பென் டிரைவோடு நேராக மெஷினுக்குப் போகிறார், யாரும் கேட்பதில்லை.

தாக்குதல் கவனத்துக்கு வந்த 6 மணி நேரத்துக்குள் மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன்னுக்குத் தெரிவிக்க வேண்டும் என்பது 2022-லிருந்து விதி. பணம் போயிருந்தால் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்கு உடனே அழையுங்கள். ட்ராயிங், புரோகிராம், ரிப்போர்ட் எல்லாவற்றுக்கும் ஒரு நகலைத் தனி ஹார்ட் டிஸ்க்கில் எடுத்து, கேபிளைக் கழற்றி, பீரோவில் வையுங்கள். இன்றைய ஷிப்ட் முடிவதற்குள் எடுங்கள்.