கையெழுத்து வைக்கும் முன் கேளுங்கள்!
மருத்துவ ஆராய்ச்சியும் நமது தோட்ட மக்களும்



ஒரு நாள் காலை பிரட்டுக்களத்தில் கணக்கப்பிள்ளை ஐயா இப்படிச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம்: "நாளைக்கு கொழும்புல இருந்து டொக்டர்மார் வர்றாங்க. ரத்தம் எடுத்துப் பாத்து புது மாத்திரை ஒன்னு குடுக்கப் போறாங்க. எல்லாரும் டிஸ்பென்சரிக்கு வந்து கையெழுத்து வைங்க."

அன்றைக்கு மலையில் கொழுந்து எடுக்கும்போது பேச்செல்லாம் இதுதான். "ரத்தத்தை எடுத்து வித்துப்புடுவாங்களாம்" என்பார் ஒருவர். "புள்ள பெறாம ஆக்குற மாத்திரையாம்" என்பார் இன்னொருவர். "போகாட்டி பேர் போட மாட்டாங்க போல இருக்கு" என்பார் மூன்றாமவர். மறுநாள் பாதிப் பேர் வரமாட்டார்கள். வந்தவர்களும் பயந்துதான் வந்திருப்பார்கள்.

இந்தப் பயத்தை அறியாமை என்று யாரும் ஒதுக்கிவிடக் கூடாது. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மவர்களை நாடற்றவர்களாக்கியது. 1964ஆம் ஆண்டு சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு, நம்மில் யார் இங்கே, யார் அங்கே என்று பத்திரங்களே தீர்மானித்தன. புரியாத பாஷையில் எழுதிய தாளில் பெருவிரல் வைத்த ஒரு சமூகம், இன்னொரு தாளைக் கண்டால் யோசிக்கத்தான் செய்யும்.

சிகிச்சை வேறு, ஆராய்ச்சி வேறு

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக் கொள்வோம். மிட்வைஃப் அம்மா பிள்ளைக்குப் போடும் தடுப்பூசியும், கிளினிக்கில் தரும் மாத்திரையும் ஆராய்ச்சி அல்ல. அவை ஏற்கனவே சோதித்துப் பார்த்து ஏற்றுக்கொள்ளப்பட்டவை. ஆராய்ச்சியின் பெயரைக் கேட்டுப் பயந்து அவற்றை விட்டுவிடாதீர்கள்.

ஆராய்ச்சி என்பது இன்னும் பதில் தெரியாத ஒரு கேள்விக்கு விடை தேடுவது. "இந்த மாத்திரை நல்லதா, அந்த மாத்திரை நல்லதா?" என்று பார்க்க, ஆட்களை இரண்டு பிரிவாக்குவார்கள். யார் எந்தப் பிரிவு என்பதைச் சீட்டுக் குலுக்குவதுபோலத் தீர்மானிப்பார்கள். டொக்டருக்கு வேண்டியவருக்கு ஒன்று, வேண்டாதவருக்கு இன்னொன்று என்று பாரபட்சம் வராமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

நடந்த கெடுதலும் நடந்த நன்மையும்

அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், டஸ்கீகி என்ற ஊரை அண்டி 1932இல் அரசாங்க சுகாதாரப் பகுதியார் ஒரு ஆய்வைத் தொடங்கினார்கள். ஏழைக் கறுப்பின ஆண்கள் சுமார் 600 பேரைச் சேர்த்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 400 பேருக்கு சிபிலிஸ் என்ற மேகநோய் இருந்தது. நோய் என்னவென்று அவர்களுக்குச் சரியாகச் சொல்லவில்லை. 1940களில் பென்சிலின் மருந்து வந்த பிறகும் கொடுக்கவில்லை. நோய் எப்படி முற்றுகிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தார்கள். 1972இல் பத்திரிகைகள் வெளிப்படுத்திய பின்தான் அது நின்றது. 1997இல் ஜனாதிபதி கிளின்டன் நாட்டின் பெயரால் மன்னிப்புக் கேட்டார்.

இனி மறுபக்கம். 1956இல் சென்னையில் காசநோய் ஆய்வு நிலையம் ஒன்று தொடங்கப்பட்டது. அந்தக் காலத்தில் காசநோய்க்காரரைக் குடும்பத்தைப் பிரித்து ஆஸ்பத்திரியில் மாதக்கணக்கில் வைத்திருக்க வேண்டும் என்றுதான் நினைத்தார்கள். சென்னை நகரத்து ஏழை நோயாளர்கள் 193 பேரைப் பிரித்து, ஒரு பகுதியினரை ஆஸ்பத்திரியிலும் மறுபகுதியினரை வீட்டிலும் வைத்து, ஒரே மருந்தை ஒரு வருடம் கொடுத்தார்கள். இடநெருக்கடியான வீட்டில் இருந்தவர்களும் ஆஸ்பத்திரியில் இருந்தவர்களைப் போலவே குணமடைந்தார்கள். வீட்டில் இருந்த மற்றவர்களுக்கும் அதனால் நோய் கூடவில்லை. இன்று காசநோய்க்காரர் தம் வீட்டில் இருந்தபடியே மருந்து எடுப்பதற்கு, அந்தத் தமிழ் ஏழை மக்கள் கொடுத்த ஒத்துழைப்பும் ஒரு காரணம்.

நமது நாட்டிலும் ஒன்று நடந்தது. கோபத்தில் பூச்சிமருந்தைக் குடித்துவிடுவதைத் தடுக்க, அநுராதபுர மாவட்டத்தில் 180 கிராமங்களைச் சேர்த்து ஒரு ஆய்வு செய்தார்கள். பாதிக் கிராமங்களில் வீடுகளுக்குப் பூட்டுப் போட்ட பெட்டி கொடுத்தார்கள். 2017இல் முடிவு வெளியானது: பெட்டியால் நஞ்சு குடிப்பது குறையவில்லை. "அப்ப வீண் வேலைதானே?" என்று கேட்கலாம். இல்லை. நாடு முழுக்கப் பெட்டி வாங்கிக் காசைக் கரைக்காமல், கொடிய நஞ்சுகளைத் தடைசெய்வது போன்ற பலன் தந்த வழிகளில் கவனம் செலுத்தலாம் என்று தெரிந்ததே. ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் ஒத்துழைத்ததால்தான் அந்த உண்மை தெரிந்தது.

உங்கள் உரிமை என்ன?

1964இல் உலக வைத்தியர் சங்கம் ஹெல்சிங்கியில் விதிகளை வகுத்தது. நமது நாட்டில் மருத்துவ பீடங்களில் உள்ள ஒழுக்கநெறிக் குழுக்கள் ஆராய்ச்சிகளைப் பரிசீலிக்கின்றன. புது மருந்துச் சோதனைக்கு, 2015ஆம் ஆண்டுச் சட்டப்படி அமைந்த தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தல் அதிகாரசபையின் அனுமதியும் வேண்டும். ஆகவே, வருபவர்களிடம் தயங்காமல் இவற்றைக் கேளுங்கள்:

1. எதைக் கண்டுபிடிக்கப் போறீங்க? எந்தக் குழு அனுமதி தந்தது?
2. எவ்வளவு ரத்தம்? அதை என்ன செய்வீங்க?
3. இதுல என்ன கெடுதல் வரலாம்? வந்தா யார் வைத்தியம் பாப்பாங்க?
4. வேலைநாள் போனா, பஸ் செலவு வந்தா என்ன வழி?
5. என் பேரும் நோயும் துரைக்கோ வேறு யாருக்கோ தெரியவருமா?
6. இடையில வேணாம்னு விலகலாமா?

கடைசிக் கேள்விக்குப் பதில் எப்போதும் "ஆம்" என்றே இருக்க வேண்டும். விலகினாலும், முதலிலேயே மறுத்தாலும், உங்கள் வேலைக்கும் டிஸ்பென்சரி மருந்துக்கும் குறை வரக்கூடாது. விளக்கம் தமிழில் இருக்க வேண்டும். வாசிக்கத் தெரியாதவருக்கு, அவர் நம்பும் ஒருவர் முன்னால் வாசித்துக் காட்ட வேண்டும். தாளில் ஒரு பிரதி உங்கள் கைக்கு வர வேண்டும். "வீட்டுல கேட்டுட்டு நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லவும் உங்களுக்கு உரிமை உண்டு.

துரை சரி என்றாலும், தலைவர் சரி என்றாலும், புருஷன் சரி என்றாலும் அது உங்கள் சம்மதம் ஆகாது. உங்கள் உடம்புக்கு நீங்கள்தான் சம்மதம் சொல்ல வேண்டும்.

ஆராய்ச்சிக்கு வருவோருக்கு ஒரு வார்த்தை

பிரட்டுக்களத்து உத்தரவோடு தொடங்காதீர்கள். அங்கே சொல்வது எதுவும் கட்டளையாகவே காதில் விழும். முதலில் லயத்துக்கு வாருங்கள். வேலை முடிந்த மாலையில் கோயில் முன்றலிலோ பிள்ளைக்காம்பராவிலோ கூட்டம் வையுங்கள். பெண்களோடு தனியாகப் பேசுங்கள். ஆண்கள் முன்னால் கேட்காத கேள்விகளை அவர்கள் அங்கே கேட்பார்கள். முக்கியமாக, முடிவு தெரிந்ததும் திரும்பி வாருங்கள். "ரத்தம் எடுத்துக்கிட்டுப் போனாங்க, அப்புறம் ஆளையே காணோம்" என்று ஒரு தோட்டம் ஒருமுறை சொன்னால், அடுத்து வருபவருக்குக் கதவு திறக்காது.

வாசகர்களே, ஆராய்ச்சி என்றதும் ஓடவும் வேண்டாம், சொன்னவுடனே கையெழுத்து வைக்கவும் வேண்டாம். கேளுங்கள். விளங்கினால் சேருங்கள். விளங்காவிட்டால் மறுபடியும் கேளுங்கள். வாசிக்கத் தெரியாத அக்கம்பக்கத்தாருக்கும் இதை வாசித்துக் காட்டுங்கள்.