சட்டை சொல்லும் சாட்சி

வெளுத்ததெல்லாம் பால் அல்ல என்பர் நம் பெரியோர். பாலில் நீர் கலந்தால் பால்மானி காட்டிக் கொடுத்துவிடும். பொன்னில் செம்பு மிகுந்தால் உரைகல் சொல்லிவிடும். ஆனால், "புகழ்பெற்ற வீரர் ஒருவர் இன்ன நாளில், இன்ன ஆட்டத்தில் உடுத்திய சட்டை இதுதான்" என்று ஒருவர் ஒரு பழைய துணியை நம்மிடம் நீட்டினால், அதை எந்தக் கல்லில் உரைத்துப் பார்ப்பது? இந்தக் கேள்விக்கு விடை காண்பதற்கென்றே இன்று மேலை நாடுகளில் ஒரு தனித் துறை வளர்ந்திருக்கிறது. அதைப் பற்றிச் சிறிது காண்போம்.

ஒரு பழைய சட்டைக்கு இத்தனை ஆராய்ச்சியா என்று நீங்கள் வியக்கலாம். பேஸ்பால் என்பது அமெரிக்க மக்கள் தம் உயிர்போல் போற்றும் விளையாட்டு. அதில் பெரும் புகழ் பெற்றவர் பேப் ரூத். 1932ஆம் ஆண்டு அக்டோபர் 1ஆம் நாள் சிகாகோ நகரில் நடந்த உலகத் தொடர் ஆட்டத்தில் அவர் கையை நீட்டிக் காட்டிவிட்டு, பிறகு பந்தை மைதானத்துக்கு அப்பால் அடித்தார். அன்று அவர் உடுத்தியதாகக் கூறப்படும் சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை 2005இல் 9 லட்சத்து 40 ஆயிரம் டாலருக்கு விலைபோயிற்று. அதே சட்டை 2024இல் 2 கோடியே 41 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று! பழம்பொருள்களின் விலை பொதுவாக ஏறியது ஒரு காரணம். மற்றொரு காரணம், அன்றைய ஆட்டத்தில் எடுத்த புகைப்படங்களோடு அச்சட்டை பொருந்துகிறது என்று வல்லுநர்கள் கூறியதாகும். துணி அதேதான், நூலும் அதேதான். புதிதாகச் சேர்ந்தது சான்று ஒன்றே.

மூவகைச் சட்டைகள்

வீரர்களின் சட்டைகளை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, ரசிகர்களுக்காகக் கடையில் விற்பது. இரண்டாம் வகை, அணிக்கென்றே தைத்து வீரரிடம் கொடுத்தும், அவர் ஆட்டத்தில் உடுத்தாமல் போனது. மூன்றாம் வகை, அவர் உடுத்தி ஆடியது. இம்மூன்றும் பார்வைக்கு உடன்பிறந்தவை போலவே இருக்கும். மதிப்பிலோ மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு! ஆகவேதான் முதல் இரண்டையும் மூன்றாவதாகக் காட்ட ஏமாற்றுவோர் முயல்கின்றனர்.

துணியும் நூலும்

வல்லுநர் முதலில் சட்டையின் பிறப்பை ஆராய்வார். கழுத்துப் பட்டையில் உள்ள தயாரிப்பாளரின் சீட்டு அந்த ஆண்டுக்கு உரியதா? அளவு அந்த வீரரின் உடலுக்குப் பொருந்துமா? எண்கள் அக்கால முறையில் தைக்கப்பட்டுள்ளனவா? இவற்றைப் பார்த்தபின் இருட்டறையில் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார். துணியை வெண்மையாகக் காட்டும் ஒளிரும் ரசாயனங்கள் இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரே பரவலாகப் பயன்பட்டன. எனவே 1930ஆம் ஆண்டுகளின் சட்டை என்று சொல்லப்படுவதில் தையல் நூல் நீலமாக ஒளிர்ந்தால் ஐயம் எழும். ஆனாலும் இது முடிந்த முடிபு அன்று. பழைய சட்டையை யாரேனும் இக்காலச் சலவைத் தூளில் துவைத்திருந்தாலும் அது ஒளிரக்கூடும் அல்லவா? ஆகவே ஒரே சோதனையைக் கொண்டு தீர்ப்புக் கூறுவதில்லை.

தழும்பே அடையாளம்

மேற்கூறிய சோதனைகள் "இது அவ்வகைச் சட்டை" என்று மட்டுமே கூறும். "இது அதே சட்டை" என்று கூறப் புகைப்பட ஒப்பீடு வேண்டும். விடுதியில் தங்கிப் படிக்கும் நம் தோழியரின் வெள்ளைச் சீருடைகள் அனைத்தும் ஒன்றுபோலவே இருந்தாலும், சலவைக் குறியைக் கொண்டு அவரவர் உடையை எடுத்துக்கொள்கிறோம். வீரரின் சட்டையிலும் அப்படிப்பட்ட குறிகள் உண்டு. ஆனால் அவற்றை யாரும் வேண்டுமென்று இடவில்லை. தையற்காரர் எண்ணைப் பதிக்கும்போது அதன் ஓரம் எந்தக் கோட்டின்மேல், அல்லது வலைத் துணியின் எந்தத் துளையின்மேல் அமைகிறது என்பது சட்டைக்குச் சட்டை மாறுபடும். நீண்டு தொங்கும் நூல், கோணலான தையல், கிழிந்த இடத்தில் போட்ட ஒட்டு ஆகியவையும் அப்படியே. ஆட்ட நாளின் தெளிவான புகைப்படத்தில் இக்குறிகள் அதே இடத்தில் இருந்தால் சட்டை பேசத் தொடங்கிவிடும்.

ஏமாற்றுவோர் புதுச் சட்டையில் மண்ணைத் தேய்ப்பர், உரசிப் பழையதாக்குவர். ஆயினும் ஒரு குறிப்பிட்ட புகைப்படத்தில் உள்ள அத்தனை சிறு குறைகளையும் இம்மி பிசகாமல் படைப்பது மிகக் கடினம். நிறைவானதை எளிதில் நகல் எடுக்கலாம். குறையை நகல் எடுப்பதுதான் அரிது!

இதற்கு ஒரு நல்ல எடுத்துக்காட்டு கால்பந்து உலகில் உண்டு. 1986 ஜூன் 22ஆம் நாள் மெக்சிகோ நகரில் உலகக் கோப்பைக் கால் இறுதி ஆட்டத்தில் அர்ஜென்டினா 2-1 என்ற கணக்கில் இங்கிலாந்தை வென்றது. இரு கோல்களையும் மரடோனா இரண்டாம் பாதியில் போட்டார். ஒன்று கையால் தட்டிய கோல். மற்றொன்று எதிரணியினர் பலரைத் தாண்டிச் சென்று போட்ட அற்புதக் கோல். ஆட்டம் முடிந்ததும் இங்கிலாந்து வீரர் ஸ்டீவ் ஹாட்ஜ் மரடோனாவுடன் சட்டையை மாற்றிக்கொண்டார். 2022இல் அது ஏலத்துக்கு வந்தபோது, "இது முதல் பாதியில் உடுத்திய சட்டை, கோல் போட்ட சட்டை அன்று" என்று மரடோனாவின் குடும்பத்தார் மறுத்தனர்.

வழக்கு எப்படித் தீர்ந்தது தெரியுமா? வெப்பம் தாங்காமல் அர்ஜென்டினா அணியினர் அந்த ஆட்டத்துக்கென்று மெக்சிகோ நகரக் கடை ஒன்றில் மெல்லிய சட்டைகளை வாங்கியிருந்தனர். சின்னங்களை அவசர அவசரமாகத் தைத்து, வெள்ளி நிற எண்களை இஸ்திரிப் பெட்டியால் ஒட்டியிருந்தனர். அவசர வேலையில் ஒன்றைப்போல் மற்றொன்று அமையுமா? சின்னம், கோடுகள், எண்கள் ஆகியவற்றின் நுண்ணிய வேறுபாடுகளைப் புகைப்படங்களோடு ஒப்பிட்ட வல்லுநர், இது இரு கோல்களின்போதும் உடுத்திய சட்டையே என்று கூறினர். அது 71 லட்சத்து 42 ஆயிரத்து 500 பவுனுக்கு விலைபோயிற்று.

கள்ளக் கையெழுத்து

சட்டையைப்போலவே வீரர்களின் கையெழுத்துகளும் விற்பனைப் பொருள்களே. அமெரிக்காவின் சான் டியாகோ அணியின் வீரர் டோனி க்வின், தம் அணியின் கடையிலேயே தம் பெயரில் போலிக் கையெழுத்துகள் விற்பதைக் கண்டறிந்தார். 1990ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் எஃப்.பி.ஐ. புலனாய்வுத் துறையினர் 'ஆபரேஷன் புல்பென்' என்னும் பெயரில் வலை விரித்து, 1999இல் ஒரு பெரிய கும்பலைப் பிடித்தனர். கைப்பற்றிய பொருள்களுள் அன்னை தெரேசாவின் கையெழுத்திட்ட பேஸ்பால் பந்தும் இருந்தது! கொல்கத்தாவின் தெருக்களில் ஏழைகளுக்குத் தொண்டு செய்த அன்னையையும் பேஸ்பால் பந்தையும் யார் இணைத்துப் பார்ப்பார்? இதில் வருந்தத்தக்க செய்தி என்னவெனில், போலிப் பொருள்களோடு "இது உண்மையானது" என்ற சான்றிதழும் சேர்த்தே விற்கப்பட்டது. தம் பிள்ளைக்குப் பரிசளிக்கச் சேமிப்பைச் செலவிட்ட எத்தனை பெற்றோர் ஏமாந்தனரோ!

கண்ணால் கண்டவர்

இதன் பயனாக 2001இல் அமெரிக்கப் பெருந்தொடர் பேஸ்பால் அமைப்பு ஒரு புதிய முறையைக் கொண்டுவந்தது. ஒவ்வோர் ஆட்டத்திலும் சான்றளிப்பவர் ஒருவராவது மைதானத்தருகே அமர்ந்திருப்பார். இவர்கள் காவல் துறையில் பணிபுரிபவர்கள் அல்லது ஓய்வு பெற்றவர்கள். களத்திலிருந்து ஒரு பொருள் தம் கைக்கு வரும்வரை அதன்மேல் வைத்த கண்ணை எடுக்க மாட்டார்கள். பின்னர் தனி எண் கொண்ட ஹோலோகிராம் வில்லையை ஒட்டிப் பதிவு செய்வார்கள். வில்லையைப் பிரிக்க முயன்றால் அது சிதைந்துவிடும். கூட்டத்தினரிடையே விழுந்து கண்ணுக்கு மறைந்த பந்துக்குப் பொதுவாகச் சான்று தருவதில்லை. 1998இல் மார்க் மெக்வயர் சாதனையை நெருங்கியபோது, அவருக்கு வீசிய பந்துகளில் முன்கூட்டியே ரகசிய அடையாளம் இட்டதும் இதனால்தான்.

தோழியரே! சான்றிதழ் என்பது வெறும் தாள். அதை எழுதியவர் எதைக் கண்டார், எப்படிக் கண்டார் என்பதே அதன் உயிர். பேப் ரூத் அன்று பந்து செல்லவிருந்த திசையைத்தான் காட்டினாரா, எதிரணியினரைக் கேலி செய்தாரா என்று இன்றும் வாதிடுகின்றனர். அவர் உடுத்திய சட்டையாலும் அதற்கு விடை சொல்ல முடியாது. தான் அங்கே இருந்ததை மட்டுமே அது சொல்லும். அதற்கு மேல் ஒரு சொல்லும் கூட்டிச் சொல்லாது. நல்ல சாட்சிக்கு அதுதானே அழகு!