சுழியை எழுதும் முனை

மைப் பேனா சேகரிக்கத் தொடங்குவோரின் கண் முதலில் உடலின் நிறத்திலும் கிளிப்பின் பளபளப்பிலும் பதிவது இயல்பே என்றாலும், எழுதும் வேலை முழுவதும் நடப்பது ஒரு மில்லிமீட்டரை எட்டாத அகலமுடைய நுனியில்தான் என்பதால், ஒரு பேனாவின் தரத்தை மதிப்பிடுவோர் அந்த நுனியிலிருந்து தொடங்கி மேல்நோக்கிப் போவதே முறை. தமிழில் எழுதுவோருக்கோ இந்தத் தேர்வு, ரோமன் எழுத்தை மனத்தில் வைத்து உருவான வழக்கமான பரிந்துரைகளால் தீர்ந்துவிடுவதில்லை. தமிழின் சுழிகளும் புள்ளிகளும் நிப்பிடம் எதிர்பார்க்கும் வேலை வேறு.

நிப்பு என்பது நடுவே பிளக்கப்பட்ட ஓர் உலோகத் தகடு. பிளவின் இருபுறமும் உள்ள இதழ்கள் அடியில் சற்றே விலகியும் நுனியை நெருங்க நெருங்க ஒன்றையொன்று அணுகியும் இருக்கும்படி செய்யப்படுவதால், மை அகன்ற இடத்திலிருந்து குறுகிய இடத்துக்குத் தானாகவே இழுக்கப்படுகிறது. குறுகிய இடைவெளியில் நீர்மம் ஏறி நிற்கும் இந்தப் பண்பையே இயற்பியல் நுண்புழைச் செயல் என்கிறது. நீரின் பரப்பு இழுவிசையை, அதாவது அதன் மேற்பரப்பு சுருங்க முயலும் விசையைக் கொண்டு கணக்கிட்டால், 0.05 மி.மீ. இடைவெளியுள்ள பிளவு கொள்கையளவில் ஏறத்தாழ 29 செ.மீ. உயர நீரைப் பிடித்து நிறுத்த வல்லது. மையில் சாயமும் வேறு பொருள்களும் கலந்திருப்பதால் அதன் இழுவிசை இதைவிடக் குறைவு. இடைவெளி இரு மடங்கானால் பிடிப்பு பாதியாகிவிடும். நுனியில் இதழ்கள் தலைமயிரின் தடிமன் அளவுக்கு விலகினாலே பேனா நனைத்து எழுதுவதும், ஒட்டிக்கொண்டால் வறண்டு எழுதுவதும் இதனால்தான்.

தாளைத் தொடுவது தகடே அன்று. தகட்டின் நுனியில் பற்றவைக்கப்பட்டு, பின்னர் பிளக்கப்பட்டு மெருகேற்றப்பட்ட ஒரு சிறு உலோக மணியே எழுதுகிறது. 1834-ஆம் ஆண்டு வாக்கில் ஜான் ஐசக் ஹாக்கின்ஸ் தங்க நிப்புகளின் நுனியில் இரிடியம் கலந்த கடின உலோகத்தைப் பதிக்கும் வழியைக் கண்டபின், நிப்பு சில மாதங்களில் தேய்ந்துபோகும் நிலை மாறியது. இன்றைய மணிகள் பெரும்பாலும் ருத்தேனியம், ஆஸ்மியம், டங்ஸ்டன் போன்றவற்றின் கலவைகளாக இருக்க, இரிடியம் என்பது ஒரு பழைய பெயராகவே நீடிக்கிறது. ஆகவே ‘இரிடியம் பாயிண்ட் ஜெர்மனி’ என்று நிப்பின் மேல் பொறித்திருப்பதை மட்டும் நம்பிப் பணம் கொடுப்பதில் பொருளில்லை. அந்தச் சொற்றொடர் எந்த நிறுவனத்தையும் குறிப்பதன்று. மிக மலிவான நிப்புகளில் மணியே இருப்பதில்லை. தகட்டின் நுனியையே மடித்து உருட்டி விட்டிருப்பார்கள். சேகரிப்பில் அத்தகைய நிப்புக்கு வரலாற்று மதிப்பு இருக்கலாம்; நாள்தோறும் எழுதும் பேனாவுக்கு அது பொருந்தாது.

எழுதும் திசை இங்கே முதன்மையாகிறது. வலக்கையால் பிடிக்கப்பட்ட பேனா பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால், மேலிருந்து கீழே இழுக்கும் கோட்டில் மணி தாளின் மேல் வழுக்கிச் செல்கிறது. கீழிருந்து மேலே தள்ளும் கோட்டில் அதே மணி தாளின் நார்களை எதிர்கொள்கிறது, இதழ்களில் ஒன்று இம்மியளவு தாழ்ந்திருந்தாலும் அதன் விளிம்பு நாரில் மாட்டிக் கீறுகிறது. நேர்கோடுகள் மிகுந்த எழுத்து இந்தக் குறையை ஓரளவு மறைத்துவிடும். தமிழிலோ ‘ன’, ‘ண’, ‘ள’, ‘ஞ’, ‘இ’ முதலிய எழுத்துகளும் ஐகாரக் கொம்பும் சுழியோடு நடப்பவை. ஒரு சுழியை முடிப்பதற்குள் நுனி மேல், கீழ், இடம், வலம் ஆகிய எல்லாத் திசைகளையும் ஒருமுறை தொட்டு மீள வேண்டியிருக்கிறது. ஒரு திசையில் மட்டும் கீறும் நிப்பு ஒவ்வொரு சுழியிலும் ஒருமுறை கீறும். பக்கம் ஒன்றுக்கு அது நூற்றுக்கணக்கான முறை.

கோட்டின் தடிமனும் இதே காரணத்தால் முடிவாகிறது. கோடு போட்ட நோட்டில் எழுதும்போது எழுத்தின் உடல் சுமார் 3 மி.மீ. உயரம் இருக்கும் என்று கொண்டால், மூன்றுசுழி ‘ண’வின் உள்வெளிகள் ஒவ்வொன்றுக்கும் கிடைப்பது ஒரு மில்லிமீட்டருக்கு முன்பின்னான இடமே. ஐரோப்பிய நிறுவனங்கள் ‘மீடியம்’ என்று விற்கும் நிப்பு பொதுவாக 0.7 முதல் 0.8 மி.மீ. வரை கோடு இடுவதால், அந்த உள்வெளிகள் மையால் அடைபட்டு, இரண்டுசுழியா மூன்றுசுழியா என்று படிப்பவர் தடுமாற நேர்கிறது. தங்கள் எழுத்தின் நெருக்கத்தை முன்னிட்டு ஜப்பானியர் கண்ட தீர்வு இங்கே கவனிக்கத்தக்கது. 1911-இல் தொடங்கிய செய்லர், 1918-இல் தொடங்கிய பைலட், 1919-இல் தொடங்கிய பிளாட்டினம் ஆகிய மூன்று நிறுவனங்களும் சிறு இடத்தில் பல கோடுகளை அடக்க வேண்டிய காஞ்சி என்னும் ஜப்பானிய எழுத்துக்காகவே நுனிகளை மெலிதாக்கியதால், அவற்றின் ‘ஃபைன்’ ஐரோப்பிய ‘ஃபைன்’ நிப்பைக் காட்டிலும் ஒரு படி மெல்லியதாக இருக்கிறது. சிறிய கையெழுத்துடைய தமிழர் ஒருவர் தம் சேகரிப்பின் முதல் நல்ல நிப்பாக ஐரோப்பிய ‘ஃபைன்’ அல்லது ஜப்பானிய ‘மீடியம்’ ஒன்றைத் தேர்வது பாதுகாப்பான வழி. நுனி பட்டையாகத் தீட்டப்பட்டுக் கோட்டைத் தடித்தும் மெலிந்தும் காட்டும் ‘ஸ்டப்’ நிப்பு அழகானதே. ஆனால் பரவலாகக் கிடைக்கும் 1.1 மி.மீ. ஸ்டப்பில் தமிழ் துலங்க வேண்டுமானால் எழுத்தை இரு மடங்கு பெரிதாக்க வேண்டும், ஆகவே அது தலைப்புக்கும் வாழ்த்து மடலுக்கும் உரியது.

சுழியைவிடக் கடுமையான சோதனை புள்ளி. ‘க்’ என்பதில் புள்ளி விழாவிட்டால் அது ‘க’ ஆகிவிடும். எனவே இழுக்காமல், தொட்ட கணத்திலேயே மை இறங்கும் நிப்பு தமிழுக்கு இன்றியமையாதது. இந்த இடத்தில்தான், வழவழப்பை மட்டுமே விரும்பி அளவுக்கு மீறி மெருகேற்றப்பட்ட நிப்புகள் தோற்றுப்போகின்றன. மணியின் இரு பாதிகளும் பிளவை ஒட்டிய உள்விளிம்பில் உருண்டுவிட்டால் பிளவின் வாய் தாளைத் தொடாமல் மேலேயே நின்றுவிடுகிறது. மை நுனிவரை வந்தும் தாளை எட்டாததால் முதல் தொடுகை வெறுமையாகப் போகிறது. கண்ணாடிபோல் வழுக்கும் நிப்பு சிறந்தது என்ற எண்ணம் சேகரிப்பாளர்களிடையே வலுவாக இருக்கிறது. அதைக் கைவிடுவது நல்லது. தாளை மெல்ல உணர்த்தியபடி, எந்தத் திசையிலும் மாட்டாமல், ஒவ்வொரு புள்ளியையும் தவறாமல் வைக்கும் நிப்பே தமிழ் எழுத நல்ல நிப்பு.

ஆகவே வாங்குமுன் பத்து மடங்கு உருப்பெருக்கும் லென்ஸ் ஒன்றால் நுனியை நேர்முகமாகப் பார்த்து, மணியின் இரு பாதிகளும் ஒரே அளவிலும் ஒரே மட்டத்திலும் உள்ளனவா என்றும், பிளவு நடுவில் செல்கிறதா என்றும் உறுதிசெய்துகொண்டு, பிறகு கையை அழுத்தாமல் ‘கண்ணன்’, ‘பஞ்சு’, ‘இளைஞன்’ போன்ற சொற்களை எழுதி, தொடர்ந்து தாளில் பத்துப் பதினைந்து புள்ளிகளை மட்டும் வைத்துப் பார்க்க வேண்டும். கடைகளில் வழக்கமாகக் கிறுக்கிப் பார்க்கும் எட்டு வடிவக் கோடு சுழியின் குறையைக் காட்டும். புள்ளியின் குறையைக் காட்டாது.

தங்க நிப்பைப் பற்றிய மதிப்பீட்டிலும் சற்று நிதானம் தேவை. நிப்புக்குத் தங்கம் வந்ததற்கு அழகைவிட மையே பெரிய காரணம். அந்த மையின் தன்மையை நம் கடுக்காயைக் கொண்டே அறியலாம். கல்வராயன் மலையில் மலையாளிப் பழங்குடியினர் திரட்டும் வனமகசூல்களில் ஒன்றான கடுக்காயில் டேனின் எனப்படும் துவர்ப்புப் பொருள் நிறைந்திருக்கிறது. அதன் சாற்றுடன் சித்த மருத்துவத்தில் அன்னபேதி எனப்படும் இரும்பு சல்பேட்டைச் சேர்த்தால் வெளிறிய நீர்மம் கிடைக்கும், அது தாளில் பட்டுக் காற்றோடு வினைபுரிந்ததும் கரிய நிறமாக நிலைத்துவிடும். ஐரோப்பா ஓக் மரத்தின் கழலைக் காய்களைக் கொண்டு செய்த இரும்பு மையும் இதே வேதியியலைச் சேர்ந்தது. அழியாமைக்குப் பெயர்பெற்ற அந்த மை அமிலத்தன்மை உடையதாதலால் சாதாரண எஃகு நிப்பை அரித்தது, தங்கத்தை அரிக்கவில்லை. துருப்பிடிக்காத எஃகு பரவிய பிறகு அந்தக் காரணம் வலுவிழந்துவிட்டது. இன்று எஞ்சியிருப்பது நெகிழ்வு பற்றிய வேறுபாடு. வளைவதற்கு ஒரு பொருள் காட்டும் எதிர்ப்பை அளக்கும் யங் குணகம் எஃகுக்குச் சுமார் 200 கிகா பாஸ்கல்; தங்கக் கலவைகளுக்கு அதில் ஏறத்தாழ பாதி. ஆனால் தகட்டின் தடிமனும் தோள்களின் வடிவமும் இந்த வேறுபாட்டை எளிதில் விழுங்கிவிடுவதால், தடித்த தங்க நிப்பு மெல்லிய எஃகு நிப்பைவிட விறைப்பாக இருப்பதும் உண்டு. 585 என்ற முத்திரை 14 காரட்டையும் 750 என்பது 18 காரட்டையும் காட்டும். காரட் கூடுவதால் எழுத்து மேம்படும் என்பதற்கு அடிப்படை இல்லை. கடுக்காயும் அன்னபேதியும் பிசினும் கலந்து வீட்டில் காய்ச்சிய மையைத் தொட்டெழுதும் பேனாவுக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும். அதைப் பவுண்டன் பேனாவில் ஊற்றினால் பிசின் உறைந்து குழல்கள் அடைபட்டுவிடும். அந்த இரும்பு மையின் நிறத்தை விரும்புவோருக்குப் பெலிக்கன், பிளாட்டினம் நிறுவனங்களின் புளூ-பிளாக் மைகள் உள்ளன.

நிப்புக்கு அடியில் இருக்கும் நாக்கு பலரும் பாராமல் விடும் உறுப்பு. மை வெளியேறும் அளவுக்குக் காற்று உள்ளே போகாவிட்டால் பேனா நின்றுவிடும், மிகுதியாகப் போனால் கொட்டிவிடும். இவ்விரண்டையும் நாக்கில் வெட்டப்பட்ட நுண்பள்ளங்கள் சமன்செய்கின்றன. 1884-இல் லூயிஸ் எட்சன் வாட்டர்மேன் பெற்ற காப்புரிமையின் சாரமும் இதுவே. நாக்குக்கு எபோனைட் நெடுங்காலமாக விரும்பப்பட்டு வந்திருக்கிறது. இயற்கை ரப்பருடன் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கந்தகம் சேர்த்து நீண்ட நேரம் வேகவைத்தால் கிடைக்கும் இந்தக் கெட்டிப் பொருள், பிளாஸ்டிக்கைவிட மையால் எளிதில் நனைவதோடு, வெந்நீரில் இளகி, அழுத்திப் பிடித்தால் நிப்பின் வளைவுக்கேற்பப் படிந்துகொள்ளவும் செய்கிறது.

எபோனைட் பேனாவைக் கையால் கடையும் கலை தமிழ்நாட்டில் இன்னும் உயிரோடு இருப்பது சேகரிப்பாளர்களுக்குப் பெரும் பேறு. திருவள்ளூரில் ரங்கா நிறுவனத்தார் கடைசல் எந்திரத்தில் எபோனைட் தண்டுகளைச் செதுக்கி, வாங்குபவர் விரும்பும் அளவிலும் வடிவிலும் பேனா செய்து, ஜெர்மானிய நிப்புகளைப் பொருத்தி உலகெங்கும் அனுப்புகின்றனர். மூங்கில் கணுக்களைப் போலச் செதுக்கிய அவர்களது பேனா வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடையே அறியப்பட்டது. சென்னைப் பாரிமுனைப் பகுதியில் ஜெம் அண்ட் கம்பெனி, தன் காமா பேனாக்களோடு, நூற்றாண்டை ஒட்டிய பழமையைக் கொண்டிருக்கிறது. இராஜமுந்திரியின் ரத்னம் பேனா சுதேசி இயக்கத்தின் நேரடி விளைவு; அதைப் பாராட்டிக் காந்தி 1935-இல் கடிதம் எழுதினார். காராசேவுக்குப் பெயர்போன சாத்தூர் ஒரு காலத்தில் நிப்புத் தயாரிப்புக்கும் பெயர்பெற்ற ஊர். பந்துமுனைப் பேனா வந்து அந்தப் பட்டறைகளின் சந்தையைப் பறித்துக்கொண்டது வருந்தத்தக்க இழப்பு. தரமான உடலை உள்ளூரிலும் தரமான நிப்பை வெளியிலும் பெற்று இணைப்பதே இன்றைய நிலையில் பணத்துக்கு நிறைந்த பயன் தரும் வழி. ஆறாம் எண் என்று வழங்கும் பொது அளவிலான நிப்பைக் கழற்றி மாற்றிக்கொள்ள முடிவதால், ஒரே உடலை வைத்துக்கொண்டு வெவ்வேறு முனைகளைச் சேகரிக்கவும் இது இடம்தருகிறது.

இத்தகைய பேனாக்களில் பல, இங்க் ஃபில்லரால் உடலிலேயே மையை நிரப்பும் வகை. கழற்றி மாட்டும் மைக்குழலான கன்வெர்ட்டரில் ஒரு மில்லிலிட்டருக்கும் குறைவாகவே மை அடங்க, இவற்றில் 3 மி.லி. வரை அடங்கும். மூன்றில் இரு பங்கு மை தீர்ந்த பேனாவுக்குள் 2 மி.லி. காற்று இருக்கையில், 30 டிகிரியிலிருந்து 36 டிகிரிக்கு அது சூடேறினால் 0.04 மி.லி. விரிவடையும், நீராவியும் சேரும்போது இது ஒரு சொட்டை மிஞ்சிவிடும். அந்தச் சொட்டே தாளில் விழும் கறை. கனமான எபோனைட் சுவர் கைச்சூட்டை மெதுவாகவே கடத்துவதால் இந்தத் தொல்லையைக் குறைக்கிறது. பேனாவை முழுவதும் காலியாகவிடாமல் அடிக்கடி நிரப்புவது அதைவிட உறுதியான மருந்து.

நிப்பின் தரம் தாளிலேயே வெளிப்படும் என்பதால் தாளையும் விட்டுவிட முடியாது. தென்பெண்ணைக் கரையில், கரும்பு வயல்களுக்கு நடுவே கூட்டுறவுச் சர்க்கரை ஆலை அமைந்த மூங்கில்துறைப்பட்டு போன்ற ஊர்களில் கரும்புச் சக்கை மலைபோல் குவிவது பழகிய காட்சி. அத்தகைய சக்கையை முதன்மை மூலப்பொருளாகக் கொண்டு தாள் செய்வதற்கென்றே தமிழக அரசு 1979-இல் தொடங்கிய தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், கரூர் மாவட்டத்துப் புகளூரில் இயங்குகிறது. சக்கையின் நார்கள் குட்டையானவை, ஆகவே தாளின் பரப்பு சீராக அமைகிறது. எனினும் மை வேர்விட்டுப் பரவாமல் தடுப்பது நார் மட்டுமன்று. கூழில் நீரை விலக்கும் பசைப்பொருள் போதிய அளவு ஏற்றப்பட்டிருக்க வேண்டும். அது குறைந்த நோட்டில் ‘ஃபைன்’ நிப்பும் ‘மீடியம்’ போலவே எழுதும். நிப்பைக் குறைசொல்லுமுன் தாளை மாற்றிப் பார்க்க வேண்டும்.

பயன்படுத்தாத பேனாக்களை மையோடு மூடிவைக்காமல், நிப்பையும் நாக்கையும் தண்ணீரில் அலசி உலர்த்தி வைக்க வேண்டும். உப்பு மிகுந்த கிணற்று நீரோ ஆழ்குழாய் நீரோ வெண்படலம் விட்டுச்செல்லுமாதலால், கடைசி அலசலுக்கேனும் வாலை வடிநீர் நல்லது. எபோனைட் உடலை நெடுநேரம் நீரில் ஊறவிட்டாலோ வெயில் படும் கண்ணாடி அலமாரியில் அடுக்கினாலோ, கந்தகம் ஒளியிலும் ஈரத்திலும் வினைபுரிந்து, கருப்பு மங்கிப் பச்சை கலந்த பழுப்பாகிவிடும். அந்த நிறமாற்றத்தை மெருகேற்றி நீக்கலாம்; ஒவ்வொரு மெருகேற்றலும் உடலின் மேற்பரப்பை, அதில் பொறித்த எழுத்தோடு சேர்த்து, சிறிது தேய்த்துவிடும்.