ஒன்பது நிமிடங்கள்

பொத்தானை அழுத்தியதும் விளக்கு எரிகிறது. நெல்லைக் குதிரிலும் நீரைத் தொட்டியிலும் சேர்த்துவைப்பதுபோல, ஒரு நாட்டுக்கு வேண்டிய மின்சாரம் முழுவதையும் சேர்த்துவைக்க இயலாது. எனவே, மக்கள் பயன்படுத்தும் அளவும் மின்நிலையங்கள் உண்டாக்கும் அளவும் ஒவ்வொரு நொடியும் ஒத்திருத்தல் வேண்டும்.

இச்சமநிலையைக் காட்டுவது அதிர்வெண். இந்தியாவில் அது 50 ஹெர்ட்ஸ் ஆகும். தேவை மிகுந்தால் மின்நிலையச் சுழலிகளின் வேகம் தளர்ந்து அதிர்வெண் குறையும். தேவை குறைந்தால் அது உயரும். அளவு கடந்து மாறினால் மின்நிலையங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நின்றுவிடக்கூடும்.

மின்வழிகள் தாங்கும் சுமைக்கும் எல்லை உண்டு. அவ்வெல்லை மீறப்பட்டதால் 2012 ஜூலை 31 அன்று வடக்கு, கிழக்கு, வடகிழக்கு மின்தொகுப்புகள் வீழ்ந்தன. தென்னகத் தொகுப்பு அப்போது தனித்து இயங்கியதால் தப்பியது. 2013 டிசம்பர் 31 அன்று அதுவும் நாட்டின் தொகுப்போடு இணைக்கப்பட்டது. இன்று தில்லியிலும் திருநெல்வேலியிலும் எரியும் விளக்குகளுக்கு ஒரே அதிர்வெண்தான்.

இத்தொகுப்பைக் காப்பவை மின்சுமைப் பகிர்வு மையங்கள். தேசிய மையம் புதுதில்லியில் உள்ளது. ஒரு நாள் 15 நிமிடங்கள் கொண்ட 96 கூறுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு கூறிலும் எவ்வளவு மின்சாரம் தேவைப்படும், அதைக் குறைந்த செலவில் எந்நிலையங்களிலிருந்து பெறலாம் என்பன முன்னரே கணக்கிடப்படுகின்றன.

2020 ஏப்ரல் 5 அன்று இம்மையங்களுக்குப் பெருஞ்சோதனை நேர்ந்தது. கொரோனா ஊரடங்குக் காலம் அது. இரவு 9 மணிக்கு ஒன்பது நிமிடங்கள் மின்விளக்குகளை அணைத்து அகல் ஏற்றுமாறு மக்கள் இரண்டு நாள்களுக்கு முன்பே கேட்டுக்கொள்ளப்பட்டிருந்தனர். தேவை 12,000 முதல் 14,000 மெகாவாட் வரை குறையலாம் எனப் பொறியாளர்கள் கணித்தனர். அனல் மின்நிலையத்தின் உற்பத்தியை விரைந்து மாற்றுதல் அரிது. புனல் மின்நிலையத்திலோ நீர் பாயும் வழியைச் சுருக்கினால் உற்பத்தி உடனே குறையும். ஆதலால், 9 மணிக்கு முன்னர்ப் புனல் மின்சாரம் வேண்டுமென்றே உயர்த்தி வைக்கப்பட்டது.

ஆனால், தேவை ஏறத்தாழ 31,000 மெகாவாட் சரிந்தது! எதிர்பார்த்ததைவிட இருமடங்குக்கும் மேல். பொறியாளர்கள் புனல் மின்சாரத்தை மட்டும் 17,000 மெகாவாட்டுக்கு மேல் குறைத்தனர். பிற நிலையங்களின் உற்பத்தியும் தாழ்த்தப்பட்டது. அதிர்வெண் 49.70க்கும் 50.26க்கும் இடையிலேயே நின்றது. மின்தொகுப்பு வீழவில்லை.

ஒன்பது நிமிடங்கள் கழிந்தன. மக்கள் மீண்டும் பொத்தானை அழுத்தினர், விளக்குகள் எரிந்தன.

சொற்பொருள்
குதிர் – தானியம் சேமிக்கும் கூடு
சுழலி – நீராலோ நீராவியாலோ சுழலும் பொறி
புனல் – நீர்
அனல் – நெருப்பு

வினாக்கள்
1. தேவை குறைந்தால் அதிர்வெண் என்னவாகும்?
2. 2012இல் தென்னகத் தொகுப்பு தப்பியது ஏன்?
3. 9 மணிக்கு முன்னர்ப் புனல் மின்சாரத்தை உயர்த்தி வைத்ததன் காரணத்தை உம் சொற்களில் எழுதுக.