மாடியில் நோயாளி இருந்தால்: படிக்கட்டு லிஃப்ட் வாங்கும் முன் கவனிக்க வேண்டியவை



சில மாதங்களுக்கு முன் நம் ஊர்ச் சகோதரர் ஒருவர் இஷா தொழுகை முடிந்ததும் நம் அறக்கட்டளைக்கு வந்தார். அவருடைய அத்தாவுக்குப் புற்றுநோய் முற்றிய நிலை. வீடு மாடியில். கீழே கடையும் சரக்கு வைக்கும் ஓர் அறையும் மட்டும்தான். சிகிச்சைக்கு மதுரை போகும் நாளெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து நாலு பேர் தூக்கி இறக்கினார்கள். ஒருநாள் திருப்பத்தில் ஒருவருக்குக் கால் வழுக்கிவிட்டது. அல்லாஹ் காப்பாற்றினான். அதற்குப் பிறகு அத்தா கீழே வரவே பயந்தார். படிக்கட்டு லிஃப்ட் பொருத்தலாம் என்று யாரோ சொல்ல, இவர் விலை விசாரித்திருக்கிறார். லட்சக்கணக்கில் சொன்னார்களாம். “பாதியை வட்டிக்கு வாங்கிக்கிறேன், மீதிக்கு பைத்துல்மால்ல உதவ முடியுமா?” என்று கேட்டார்.

எங்களுக்கும் அந்தக் கருவியைப் பற்றி அதிகம் தெரியாது. அவருக்காக விசாரிக்கத் தொடங்கினோம். அப்படித் தெரிந்துகொண்டதை மற்ற குடும்பங்களுக்கும் பயன்படட்டும் என்று இங்கே எழுதுகிறோம்.

படிக்கட்டு லிஃப்ட் என்பது என்ன?

படியின் ஓரமாக ஒரு தண்டவாளம் பொருத்துவார்கள். அதில் ஒரு நாற்காலி மோட்டாரால் மெதுவாக ஏறி இறங்கும். தண்டவாளத்தைப் பெரும்பாலும் படிகளின் மேல்தான் பொருத்துவார்கள், சுவரை உடைக்க வேண்டியதில்லை. இடுப்புப் பட்டையும், வழியில் ஏதாவது தட்டினால் தானாக நின்றுவிடும் அமைப்பும் இருக்கும். இப்போது வருபவற்றில் பெரும்பாலானவை பேட்டரியில் ஓடுகின்றன. அதனால் கரண்ட் போனாலும் சில தடவை ஏறி இறங்கலாம்.

இந்தக் கருவி வந்த கதையும் நமக்குப் பொருத்தமானது. 1920-களில் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சி.சி. கிரிஸ்பன் என்ற மோட்டார் வாகன வியாபாரி, உடல்நலமில்லாத நண்பர் ஒருவரைப் பார்க்கப் போனார். நண்பரால் மாடியை விட்டு இறங்க முடியவில்லை. அதைக் கண்ட பிறகுதான் கிரிஸ்பன் படியில் ஏறும் இருக்கையைச் செய்து பார்த்தார். நோயாளியை நலம் விசாரிக்கப் போன இடத்தில் பிறந்த யோசனை அது.

முதல் கேள்வி: நோயாளியால் உட்கார முடியுமா?

விலையைக் கேட்பதற்கு முன் இதைத்தான் கேட்க வேண்டும். லிஃப்டில் போகிறவர் பிடிமானம் இல்லாமல் சில நிமிடம் நிமிர்ந்து உட்கார வேண்டும். கட்டிலிலிருந்து படி வரை வர வேண்டும். நாற்காலியில் உட்காரவும் எழவும் ஒருவர் துணையாவது போதுமானதாக இருக்க வேண்டும். முட்டுவலி, மூச்சு வாங்குதல், பக்கவாதத்திலிருந்து தேறி வருதல் போன்ற நிலையில் இருப்பவர்களுக்கு இது பல வருடம் கைகொடுக்கும். ஆனால் வாரத்துக்கு வாரம் பலம் குறைந்து வரும் நோயாளிக்கு, ஆர்டர் கொடுத்துப் பொருத்தி முடிப்பதற்குள் உட்காரும் சக்தியே போய்விடலாம். கடுமையான வலி மருந்து சாப்பிடுகிறவர்களுக்கு மயக்கமும் தூக்கமும் வரும். அவர்களைத் தனியாக லிஃப்டில் அனுப்பவே கூடாது.

எனவே டாக்டரிடம் கூச்சப்படாமல் கேளுங்கள்: “இன்னும் மூணு மாசத்துல எங்க அத்தா உட்காரும் நிலையில் இருப்பாங்களா?” கேட்கக் கஷ்டமான கேள்விதான். ஆனால் வீட்டுப் பணத்தையெல்லாம் போட்டுவிட்டு, லிஃப்ட் வந்து இறங்கும் நாளில் பதில் தெரிவது அதைவிடக் கஷ்டம்.

இரண்டாவது கேள்வி: படி எப்படி இருக்கிறது?

திருப்பம் இல்லாத நேர்ப்படி என்றால் செலவு குறைவு. அந்தத் தண்டவாளத்தை அளவுக்கு வெட்டிப் பொருத்தலாம், வேறு வீட்டுக்கும் மாற்றலாம். அதனால் பழையது வாங்குவதாக இருந்தால் நேர்ப்படி லிஃப்டைத்தான் தேட வேண்டும். நம் பக்கத்து வீடுகளில் பாதி ஏறியதும் திரும்பும் படிதான் அதிகம். அதற்கு அந்த வீட்டின் அளவுக்கே தண்டவாளத்தை வளைத்துச் செய்ய வேண்டும் என்பதால் விலை பல மடங்கு ஏறும். அதை நாளை இன்னொரு வீட்டில் பொருத்துவதும் அரிது. வெளிப்புறப் படி என்றால் வெயில், மழை தாங்கும் வகைதான் வேண்டும்.

படியின் அகலம், படிகளின் எண்ணிக்கை, கீழ்ப்படிக்கு முன்னால் உள்ள இடம், அங்கே கதவு இருக்கிறதா என்பதையெல்லாம் அளந்து போட்டோவும் எடுத்து வைத்துக்கொண்டு விசாரியுங்கள். விற்பவரிடம் நான்கு விஷயங்களை எழுத்தில் கேளுங்கள். எத்தனை கிலோ தாங்கும்? பழுதானால் எத்தனை நாளில் ஆள் வரும், எந்த ஊரிலிருந்து வரும்? பேட்டரி மாற்ற என்ன செலவு? தேவை முடிந்தபின் திரும்ப எடுத்துக்கொள்வீர்களா, எவ்வளவு தருவீர்கள்? வாடகைக்குக் கிடைக்குமா என்றும் கேட்டுப் பாருங்கள்.

ஓர் எச்சரிக்கை. லேத் பட்டறையில் சொல்லி, மூட்டை தூக்கும் மோட்டாரையும் செயினையும் வைத்துக் குறைந்த செலவில் செய்துகொள்ளலாம் என்று யோசனை சொல்கிறவர்கள் உண்டு. செயின் அறுந்தாலோ கரண்ட் போனாலோ பிடித்து நிறுத்தும் அமைப்பு அதில் இருக்காது. சரக்கு ஏற்றும் கருவியில் மனிதரை ஏற்றாதீர்கள்.

மூன்றாவது கேள்வி: ஏறி இறங்கத்தான் வேண்டுமா?

பல வீடுகளில் குறைந்த செலவிலான வழி, கட்டிலைக் கீழே கொண்டுவருவதுதான். இதற்குத் தடையாக நிற்பது பெரும்பாலும் இரண்டு காரணங்கள். ஒன்று, கீழே கக்கூஸ் வசதி இல்லாமை. கட்டில் பக்கத்திலேயே வைக்கும் கமோடு நாற்காலி சில ஆயிரம் ரூபாயில் கிடைக்கும். உளூச் செய்ய ஒரு பேசினும் செம்பும் போதும். முடியாதவர்களுக்குத் தயம்மும் இருக்கிறது. இன்னொன்று, கோஷா. நோயாளி நம் அம்மாவாக இருந்தால், ஆண்கள் வந்து போகும் முன்வீட்டில் எப்படிப் படுக்கவைப்பது என்று தயங்கி மாடியிலேயே வைத்துவிடுகிறோம். ஒரு கம்பியும் கெட்டியான திரையும் அந்தக் குறையைத் தீர்க்கும். மாடியில் தனியாக இருப்பவரைப் பார்க்க வருவோர் நாளாக ஆகக் குறைந்துவிடுவார்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள்.

ஓரளவு நடக்கக்கூடியவர்களுக்குப் படியின் இரண்டு பக்கமும் கைப்பிடிக் கம்பி, திருப்பத்தில் ஒரு ஸ்டூல், நல்ல வெளிச்சம் ஆகியவையே போதுமாக இருக்கலாம்.

எங்கே உதவி கேட்கலாம்?

முதலமைச்சரின் மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் மருத்துவமனைச் சிகிச்சைக்கானது. வீட்டில் பொருத்தும் லிஃப்டுக்கு அதில் பணம் கிடைக்காது. ஆனால் வேறு உதவிகள் உண்டு:

– 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் இயன்முறை சிகிச்சையும், முற்றிய நோயாளிகளுக்கான ஆதரவுச் சிகிச்சையும் வீட்டுக்கே வருகின்றன. ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார செவிலியரிடமோ பெயர் பதியுங்கள். ஆள் வீடு தேடி வந்தால் மாடியிலிருந்து இறக்க வேண்டிய நாட்களும் குறையும்.

– விருதுநகர் கலெக்டர் அலுவலகத்தில் உள்ள மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் அடையாள அட்டைக்கும் சக்கர நாற்காலி போன்ற உபகரணங்களுக்கும் விண்ணப்பிக்கலாம். தண்டுவடக் காயம், பார்கின்சன் நோய் போன்றவற்றால் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு மாதம் 2,000 ரூபாய் பராமரிப்பு உதவித்தொகை உண்டு.

– வறுமைக்கோட்டுக்குக் கீழ் உள்ள 60 வயதைக் கடந்தவர்களுக்கு ஊன்றுகோல், நடைத்தாங்கி, சக்கர நாற்காலி தரும் மத்திய அரசுத் திட்டம் 2017 முதல் இருக்கிறது. முதியோர் உதவி எண் 14567-இல் விவரம் கேட்கலாம்.

– பட்டாசு, தீப்பெட்டி, அச்சகத் தொழிலில் ஈ.எஸ்.ஐ. அட்டை உள்ளவர்கள், வீட்டில் அவரைச் சார்ந்திருக்கும் பெற்றோருக்கு என்ன கிடைக்கும் என்று ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

பணம் பற்றி ஒரு வார்த்தை

அத்தா அம்மாவுக்காகத்தானே என்று வட்டிக்கு வாங்காதீர்கள். வட்டி ஹராம். நோய் முடிந்த பிறகும் அந்தக் கடன் பிள்ளைகளின் தலையில் நிற்கும். ஏழை நோயாளிக்கு ஜகாத் பணத்தை அவர் கையிலேயே கொடுக்கலாம். அறக்கட்டளை தன் பொறுப்பில் வைத்து இரவல் தரும் கருவிகளை ஜகாத்தில் வாங்குவதில்லை, ஸதகா பணத்தில்தான் வாங்க வேண்டும் என்று ஆலிம்கள் சொன்னபடி நடக்கிறோம்.

கேரளத்தில் இதற்கு நல்ல முன்மாதிரி உண்டு. கோழிக்கோட்டில் 1993-இல் தொடங்கிய வலி நிவாரண, ஆதரவுச் சிகிச்சைப் பணி, பிறகு மலப்புறம் மாவட்டத்தில் ஊர் மக்களின் பணியாகவே மாறியது. பக்கத்து வீட்டுக்காரர்களே பயிற்சி பெற்று நோயாளிகளைப் பார்க்கப் போனார்கள், சிறுசிறு தொகையாகத் திரட்டினார்கள். 2008-இல் கேரள அரசு இதற்கென்று தனிக் கொள்கையே வகுத்தது. பெரிய பணக்காரர்கள் இல்லாத ஊரிலும் இது முடியும்.

நம் வீடுகளின் பரணிலும் வாக்கர், சக்கர நாற்காலி, கமோடு நாற்காலி, தண்ணீர் மெத்தை எல்லாம் தூசி படிந்து கிடக்கின்றன. மவுத்தானவர் நினைவாக வைத்திருப்பதை இன்னொரு நோயாளிக்குக் கொடுத்தால், அவர் பெயரில் ஸதகா ஜாரியாவாக இருக்கும், இன்ஷா அல்லாஹ். ஜும்ஆவுக்கு வரும்போது கொண்டுவந்து தாருங்கள்.

முதலில் சொன்ன சகோதரர் லிஃப்ட் வாங்கவில்லை. அவர் வீட்டுப் படி திரும்பும் படி. டாக்டரும் காலம் குறைவு என்று சொல்லிவிட்டார். கடைக்குப் பின்னால் இருந்த சரக்கு அறையைக் காலி செய்து வெள்ளையடித்தோம். கட்டிலும் கமோடு நாற்காலியும் நம்மிடமிருந்து போயின. அத்தாவைக் கடைசியாக ஒருமுறை எச்சரிக்கையாகத் தூக்கி இறக்கினோம். அங்கே அவருக்குப் பள்ளிவாசல் பாங்குச் சத்தம் தெளிவாகக் கேட்டது. தொழுதுவிட்டுப் போகிறவர்கள் எட்டிப் பார்த்து ஸலாம் சொல்லிவிட்டுப் போனார்கள். இரண்டு மாதம் கழித்து அவர் வஃபாத் ஆனார். மகனுக்குக் கடன் ஏதும் இல்லை.

உங்கள் வீட்டில் மாடியில் நோயாளி இருந்தால், பணம் புரட்டும் முன் எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். டேப்போடு வந்து படியை அளந்து, உங்களோடு உட்கார்ந்து யோசிக்கிறோம். அல்லாஹ் நம் நோயாளிகள் அனைவருக்கும் பூரண ஷிஃபாவைத் தந்தருள்வானாக. ஆமீன்.