ஸ்மார்ட் ஸ்விட்ச் மாட்டியாச்சு.. செட்டிங் யார் போனில்? முதல் நாளே கவனிக்க வேண்டியவை

லைட், ஃபேன், ஏசி என ஒரு அறையில் உள்ள எல்லாவற்றையும் ஒரே ஆப்பில் இயக்கும் ஸ்மார்ட் சாதனங்கள் இப்போது சாதாரண வீடுகளுக்கும் வந்துவிட்டன. சுவரில் மாட்டுவதை எலக்ட்ரீஷியன் பார்த்துக்கொள்வார். அதன்பிறகு ஆப்பில் சேர்க்கும்போதுதான் பலரும் தடுமாறுகிறார்கள்.

கனெக்ட் ஆகாதது ஏன்?

பெரும்பாலான வைஃபை ஸ்விட்சுகள், பல்புகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டுமே வேலை செய்யும். புதிய ரவுட்டர்களோ 2.4, 5 இரண்டையும் ஒரே பெயரில் தருகின்றன. போன் 5-ல் இருந்தால் சில சாதனங்கள் எத்தனை முறை முயன்றாலும் ஆப்பில் சேராது. பொருள் பழுதுன்னு கடைக்குக் கிளம்பும் முன், ரவுட்டரில் 5-ஐ கொஞ்ச நேரம் ஆஃப் பண்ணிவிட்டு முயற்சித்துப் பாருங்கள்.

வாங்கும் முன்பே பார்க்க வேண்டியது நியூட்ரல் வயர். பெரும்பாலான ஸ்மார்ட் ஸ்விட்சுகளுக்கு இது கட்டாயம். பிளக் பாயின்ட் உள்ள போர்டில் இருக்கும். வெறும் ஸ்விட்ச் போர்டில் பல வீடுகளில் இருக்காது. கீசர், ஏசிக்கு 16 ஆம்பியர் மாடல்தான் வாங்க வேண்டும்.

பழைய ஏசியை ஆப்பில் சேர்க்க ஐஆர் பிளாஸ்டர் உதவும். ஆனால் அது ரிமோட் மாதிரி சிக்னல் அனுப்பும், அவ்வளவுதான். ஏசி நிஜமாகவே அணைந்ததா என்பது அதற்குத் தெரியாது. ஆப்பில் 'ஆஃப்' என்று இருக்கும், அறையில் ஏசி ஓடிக்கொண்டிருக்கும்!

சாவி யாரிடம்?

இதைத்தான் யாரும் யோசிப்பதில்லை. பெரும்பாலான ஆப்களில், சாதனத்தை முதலில் சேர்த்த கணக்குதான் உரிமையாளர். லீவுக்கு வந்த மகன் தன் போனில் எல்லாவற்றையும் செட் பண்ணிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார். பிறகு ரவுட்டர் மாறினால் வீட்டிலுள்ள அம்மா, அப்பா என்ன செய்வார்கள்? 'ஷேர்' செய்யப்பட்ட போனில் லைட்டை அணைக்கலாமே தவிர, செட்டிங்கை மாற்ற முடியாமல் போகலாம். எனவே வீட்டில் இருப்பவரின் கணக்கிலேயே தொடங்குவது நல்லது. புது ரவுட்டருக்குப் பழைய வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையுமே வைத்துவிட்டால் பெரும்பாலும் மறுபடி செட் பண்ண வேண்டியதில்லை. சுவரில் கையால் தட்டும் ஸ்விட்சும் கட்டாயம் இருக்கட்டும்.

இதே உரிமைதான் ஆபத்தும்கூட. கணக்கு யாருடையதோ, அவர் எங்கிருந்தாலும் உங்கள் அறை விளக்கை அணைக்கலாம். எப்போது போட்டீர்கள் என்றும் பல ஆப்களில் பார்க்கலாம். வாடகை வீட்டில் ஏற்கனவே ஸ்மார்ட் ஸ்விட்ச் இருந்தால், பழைய கணக்கிலிருந்து நீக்கச் சொல்லி, ரீசெட் செய்துவிட்டு உங்கள் கணக்கில் சேருங்கள்.

பாஸ்வேர்டு விஷயத்திலும் அலட்சியம் கூடாது. 2016-ல் 'மிராய்' என்ற வைரஸ், கம்பெனி கொடுத்த பாஸ்வேர்டை மாற்றாமல் விட்டிருந்த கேமராக்கள், ரவுட்டர்களுக்குள் புகுந்து, அவற்றை வைத்தே ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் போன்ற தளங்களை முடக்கியது.

2022-ல் வந்த 'மேட்டர்' முத்திரை உள்ள சாதனங்களை கூகுள், ஆப்பிள், அமேசான் என எந்த ஆப்பிலும் சேர்க்கலாம். அதற்கான கியூஆர் கோடு சில ஸ்விட்சுகளில் பின்பக்கம் ஒட்டப்பட்டிருக்கும். சுவரில் மாட்டும் முன்பே அதை போட்டோ எடுத்து வைத்துவிடுங்கள்.